இரண்டு கோச்சும் ஷாலினியின் ஆஃப் டேயும்

1. ஐஸ் பாக்ஸ் மேல் ஒரு விங்கர்

அரைநேர விசில் ஊதியதும் ஷாலினி நேராக என்னிடம் வந்தாள். தண்ணீர் கேட்கவில்லை. ஐஸ் பாக்ஸ் மூடியின் மேல் உட்கார்ந்து, இரண்டு குதிகால்களும் தரையில் படாதபடி தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, கோச்சுகிட்ட சொல்லாதீங்க."

"என்னன்னு தெரிஞ்சாத்தானே சொல்லாம இருக்க முடியும்?"

"குதிகால் வலிக்குது. ரெண்டு காலும். கொஞ்ச நாளாவே இப்படித்தான்."

டீம் மேனேஜர் என்றால் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டில் நிற்கும் ஆள் என்று சில பெற்றோர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஐஸ் பாக்ஸைத் தூக்குவது, துவைத்த பயிற்சி பிப் சட்டைகளை அடுக்கி வைப்பது, மழை பெய்யும்போது வாட்ஸ்அப் குரூப்பில் "டிரெயினிங் உண்டா?" என்று வரிசையாகக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, அழும் பிள்ளைக்கு டிஷ்யூ கொடுப்பது, சில ஞாயிறுகளில் அழும் அப்பாவுக்கும் டிஷ்யூ கொடுப்பது. வேலை இவ்வளவுதான். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் கார்கோவில் ஆட்களுக்கு வேலை ரோஸ்டர் போட்டு ஓய்வு பெற்ற பிறகு, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் திடலில் எங்கள் சின்ன கால்பந்து கிளப்பின் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்கு இதைச் செய்து வருகிறேன். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிற அம்மாக்கள் என்னிடம் வந்து, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் ஷாலினியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வலது விங்கில் ஆடுவாள். தேசிய இளையர் அணிக்கான டிரையல் மூன்று வாரத்தில் வரவிருந்தது. எங்கள் கிளப்பிலிருந்து அதற்குக் கூப்பிடப்பட்ட ஒரே பிள்ளை அவள். வீட்டில் எல்லாரும் அந்த நாளை நினைத்தே சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் சொல்லும் ரகசியங்களைக் காப்பாற்றுவதில் நான் கெட்டிக்காரி. யாருக்கு யார் மேல் கோபம், யார் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டாள் என்பதெல்லாம் என் வயிற்றிலேயே இருக்கும். காலைப் பற்றிய ரகசியத்தை மட்டும் நான் காப்பாற்ற மாட்டேன். நேராகப் போய் கோச் ரஷீதிடம் சொல்லிவிட்டேன்.

ரஷீத் எங்கள் கிளப்பை ஆரம்ப நாளிலிருந்து தாங்கிக்கொண்டிருப்பவர். தங்கமான மனிதர், வாய்தான் கொஞ்சம் காரம். அவளை உட்கார வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நம்ம டிரெயினிங்ல குதிகால் போற அளவுக்கு நான் ஓட விடறதில்லை கமலாக்கா. இவ வேற எங்கயோ போய் ஓடிட்டு வர்றா. ஏதாவது ஃபுட்பால் அகாடமியாத்தான் இருக்கும்."

ஷாலினி குனிந்து சாக்ஸைச் சரி செய்துகொண்டாள். அப்போதுதான் கவனித்தேன். எங்கள் கிளப்பின் சிவப்பு சாக்ஸுக்கு அடியில் இன்னொரு நீல சாக்ஸ் எட்டிப் பார்த்தது.

2. லைட்டா

அவளுடைய அப்பா முருகேசன் கார்கோவில் ஒரு காலத்தில் என் ரோஸ்டரில் இருந்தவர். மறுநாள் ஃபிசியோவிடம் போய்விட்டு, நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஷாலினியும் கூட வந்திருந்தாள்.

"மறைக்கணும்னு இல்லக்கா. பாசிர் ரிஸ்ல ஒரு அகாடமிக்குத் திங்களும் வியாழனும் போறா. கோச் ரஷீதுக்கு அகாடமின்னாலே ஆகாதுன்னு பிள்ளைங்க பேசிக்கிட்டாங்க. சொன்னா பெஞ்சுல உக்கார வெச்சிடுவாருன்னு இவளுக்குப் பயம்."

ஃபிசியோ சொன்னதை அவர் ஒப்பித்தார். வளர்கிற வயதில் வரும் வலிதான், தானாகப் போய்விடும். ஆனால் இதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் பல மாதம் பந்தையே தொட முடியாமல் போகலாம். டிரையலை மறந்துவிட வேண்டியதுதான்.

"அதனால ஒண்ண விட்டுடலாம்னு பாக்குறேன். கிளப்பா அகாடமியா, நீங்களே சொல்லுங்க."

அதுவரை மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஷாலினி திரும்பினாள். "அகாடமியிலதான் எனக்கு லெஃப்ட் ஃபுட்ல அடிக்க வந்துச்சு. கிளப்லதான் என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் இருக்காங்க. எதை விட்டாலும் நான் பாதிதான் ஆன்ட்டி." சொல்லி முடிக்கும் முன்பே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. இந்த வயதில் ஒரு பிள்ளைக்கு இரண்டு இடங்கள் இத்தனை பிடித்துப்போவது சாதாரண விஷயமில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, வாரத்தில் என்னென்ன செய்கிறாய் என்று கேட்டேன். திங்கள், வியாழன் அகாடமி. செவ்வாய், வெள்ளி கிளப். ஞாயிறு மேட்ச்.

"அப்ப புதனும் சனியும் ஆஃப் டே."

"ஆமா ஆன்ட்டி. கோச் ரஷீத், ஆஃப் டேல லைட்டா பார்க்கைச் சுத்தி ஓடச் சொன்னாரு. அகாடமியில கோச் நவீன் லைட்டா ஸ்கிப்பிங், சுவத்துல பந்தடிச்சு வால் பாஸ் பண்ணச் சொன்னாரு."

"ரெண்டையும் பண்ணுவியா?"

"ரெண்டு பேரும் சொன்னாங்களே," என்றாள், நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று புரியாமல்.

முருகேசன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கார்கோவில் இருந்த காலத்தில் ஒருவரை இரண்டு செக்‌ஷனுக்குச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். இந்த செக்‌ஷன் ஆஃப் கொடுத்த நாளில் அந்த செக்‌ஷன் ஓவர்டைம் போடும். அந்த செக்‌ஷன் ஆஃப் கொடுத்தால் இந்த செக்‌ஷன் கூப்பிடும். இரண்டு சூப்பர்வைசர்களும், தாங்கள் அவருக்கு ஆஃப் கொடுத்துக்கொண்டுதான் இருப்பதாகச் சத்தியம் செய்வார்கள். அவர் சரக்குப் பாலெட்டில் சாய்ந்து நின்றபடியே தூங்குவார். அந்த ஆள் முருகேசன்தான்.

"என் பொண்ணுக்கும் அதே கதையா," என்றார் அவர்.

3. தேக்காவில் பஞ்சாயத்து

அகாடமிக்காரரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரே என்னைக் கூப்பிட்டுவிட்டார். நம்பரை முருகேசன் கொடுத்திருந்தார். நவீன் முப்பது வயதுப் பையன். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். பகலில் தஞ்சோங் பகாரில் ஆபீஸ் வேலை, சாயங்காலத்தில் அகாடமி.

"அக்கா, ஷாலினி ரெண்டு இடத்துல ஆடுறான்னு எனக்குத் தெரியும். அவ அங்க எவ்வளவு ஓடுறான்னு நான் கேட்டதே இல்ல. உங்க கோச்சைப் பார்த்துப் பேசணும். அவரு பேசுவாரா?"

"கேட்டுப் பாக்குறேன் தம்பி. வாய் கொஞ்சம் காரம், முன்னாடியே சொல்லிடறேன்."

ரஷீதிடம் சொன்னதும், "அகாடமிக்காரரோட எனக்கு என்ன பேச்சு இருக்கு?" என்றார். "பேச்சு இல்லைன்னா பரோட்டா சாப்பிடுங்க" என்றேன். வந்துவிட்டார்.

தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ரஷீத் தே தாரேக் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். முதலில் அவர்தான் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் எங்களுக்கு ரொம்ப முக்கியம் கோச். தோத்தா கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுவோம். அவ இல்லாம வலது பக்கம் காலி."

"புரியுது கோச். ஆனா டிரையலும் அவளுக்கு முக்கியம். அதுக்குள்ள லெஃப்ட் ஃபுட் கிராஸிங் சரி பண்ணணும். நானும் விட முடியாது."

இப்படியே இரண்டு பேரும் மாறி மாறி அவளைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். மரியாதையாகத்தான் இழுத்தார்கள். நான் நடுவில் புகுந்தேன்.

"சரி, புதன்கிழமை யாரோட நாள்?"

"அது ஆஃப் தானே," என்றார் ரஷீத்.

"ஆமா, ஆஃப்," என்றார் நவீன்.

"அன்னிக்கு அவளுக்கு என்ன குடுத்திருக்கீங்க?"

"லைட்டாதான்," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

ரஷீத் கரண்டியைக் கீழே வைத்தார். நவீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அல்லா, அந்தப் பிள்ளைக்கு ஓய்வே இல்லையா?" என்று ரஷீத் கேட்டார். காரமெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

பிறகு நவீன்தான் சொன்னார். "டிரையல் வரைக்கும் அவ அகாடமிக்கு வர வேணாம் கோச். நான் உங்க செவ்வாய்க்கிழமை டிரெயினிங்குக்கு வர்றேன். ஓட விட மாட்டேன். ஓரமா, நின்ன இடத்துலயே லெஃப்ட் ஃபுட் மட்டும் பாத்துக்கறேன். உங்க திடல், நீங்க சரின்னா மட்டும்தான்."

தன்னிடம் கற்கும் பிள்ளையை இன்னொருவரின் திடலில், இன்னொருவருக்குக் கீழே நின்று பயிற்றுவிக்கிறேன் என்று ஒரு கோச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லைக்கோட்டில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ரஷீதுக்கும் தெரிந்தது. தன் பரோட்டா பிளேட்டை நவீன் பக்கம் நகர்த்தினார்.

"வாங்க லா. வரும்போது டிரெயினிங் கோன் எடுத்துட்டு வாங்க, எங்ககிட்ட பத்தல." பிறகு என்னிடம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை லிஸ்ட்ல அவ பேரை எடுத்துடுங்க கமலாக்கா. ஆடினா குதிகால் தாங்காது," என்றார்.

நானாக இருந்தால் அந்த மேட்சை விட்டுக்கொடுத்திருப்பேனா என்று இன்றும் சந்தேகம்தான். அன்று அந்த இரண்டு மனிதர்களும் எனக்குக் கடவுள் கொடுத்த வரமாகத் தெரிந்தார்கள். கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் இன்னொரு பிளேட் பரோட்டா வாங்கினேன்.

4. ஞாயிற்றுக்கிழமையும் அதற்கப்புறமும்

தோற்றோம். டிவிஷனும் இறங்கினோம். ஷாலினி ஐஸ் பாக்ஸ் பக்கத்தில் நின்று, தன்னால்தான் என்று அழுதாள். எங்கள் கோல்கீப்பர் ஃபரா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, "நீ ஓடியிருந்தாலும் தோத்திருப்போம் லா. நம்ம டிஃபென்ஸ் அப்படி," என்றாள். பக்கத்தில் நின்ற டிஃபென்ஸ் முழுக்க அவளைத் துரத்திக்கொண்டு ஓடியது. அழுகை அதோடு நின்றது. ரஷீத் தோல்வியைப் பற்றி ஷாலினியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போகும்போது மட்டும், "புதன்கிழமை பார்க்குப் பக்கமே போகக் கூடாது, தெரியுதா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் திடலில் இரண்டு கோச்கள் இருந்தார்கள். ரஷீத் மற்ற பிள்ளைகளை ஓட விட்டுக்கொண்டிருப்பார். ஓரமாக நவீன் பந்தைப் போட்டுக் கொடுப்பார், ஷாலினி நின்ற இடத்திலிருந்தே இடது காலால் அடிப்பாள். இரண்டாவது வாரமே ஃபராவும் இன்னும் இரண்டு பேரும் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டார்கள். ரஷீத் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். பிறகு அவரே இன்னொரு பிள்ளையையும் அனுப்பி வைத்தார். சிவப்பு சாக்ஸுக்கு அடியில் அகாடமியின் நீல சாக்ஸை ஒளித்துப் போட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது. நீல சாக்ஸையே போட்டுக்கொண்டு வந்தாலும் கேட்பாரில்லை.

டிரையல் அன்று வேலிக்கு வெளியே இரண்டு கோச்களும் ஒரு குடையின் கீழ் நின்றார்கள். ஷாலினி வலியில்லாமல் ஓடினாள். ஓரத்திலிருந்து கோல் முன்னால் விழும்படி இடது காலால் ஒரு கிராஸ் போட்டாள். "அது உங்க கிராஸ்," என்றார் ரஷீத். "அந்த ஓட்டம் உங்களுது," என்றார் நவீன். அவளைப் பயிற்சிக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். முருகேசன் என் தோளில் சாய்ந்து அழுதார். டிஷ்யூ எடுத்துப் போயிருந்தேன்.

புதிதாக வருகிற டீம் மேனேஜர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை கூடுதலாகப் பயிற்சிக்குப் போகட்டும், தப்பே இல்லை. திறமையைக் கற்றுக்கொடுக்க ஒருவர், கூடி ஆடக் கற்றுக்கொடுக்க ஒருவர் என்று இரண்டு பேர் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆனால் அந்த இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்கார வைத்து, ஓய்வு நாளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். டிரெயினிங் நாளைப் பார்த்துக்கொள்ள எல்லாரும் இருப்பார்கள். ஓய்வு நாளுக்கு ஆள் இருக்காது.

டிரையல் முடிந்து காரில் ஏறியதும் முருகேசனின் ஃபோனில் அடுத்தடுத்து இரண்டு மெசேஜ் வந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். ரஷீத் எழுதியிருந்தார்: நாளைக்கு வர வேணாம், ரெஸ்ட். நவீனும் எழுதியிருந்தார்: நாளைக்கு வர வேணாம், ரெஸ்ட்.

"நாளைக்கு நான் என்ன பண்றது ஆன்ட்டி?" என்று ஷாலினி பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணாதே."

"லைட்டாக் கூடவா?"

"லைட்டாக் கூட," என்றோம் நானும் முருகேசனும். நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டு, குதிகால் இரண்டையும் சீட்டில் நன்றாக ஊன்றி, தூங்க ஆரம்பித்திருந்தாள்.