வெளுக்க மறுத்த முகங்கள்

ஃபிலிம் டப்பாவை என் மேசையில் டொக்கென்று வைத்துவிட்டு, “இதை நான் எடுக்கவில்லை” என்று அக்கா சொன்ன அந்த வியாழக்கிழமை எனக்கு மறக்கவே இல்லை. அக்கா என்பது நான் மனதுக்குள் வைத்த பெயர். அவர் சிட்னியின் பூர்வகுடிப் பெண், என்னைப்போலவே கறுப்பு. எழுபதுகளின் நடுவில் லண்டனுக்குப் போய், அங்கே கறுப்பினத்தவர் தெருவை அடைத்து ஆடிய ஆட்டத்தைப் படம்பிடித்து வந்திருந்தார். ஆடியவர்களுக்குப் பொலிசிடமும் பயமில்லை, அயலாரிடமும் பயமில்லை. கிழவிகள்கூட இடுப்பை ஒடித்து ஆடினார்கள். பார்க்கப் பார்க்க எனக்கே கால் துடித்தது.

நான் அப்போது சிட்னியில் ஒரு ஃபிலிம் லாபில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு காட்சியையும் எவ்வளவு வெளிச்சம் விட்டு அச்சிடுவது என்று தீர்மானிப்பவன் நான்தான். கை பழகியது யாழ்ப்பாணத்து ஸ்டூடியோ ஒன்றில். அங்கே மணப்பெண்ணின் முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கிக் கொடுக்காவிட்டால் படத்தைத் திருப்பி எறிவார்கள். இன்றைக்குக் கைபேசியே அந்த வேலையைச் செய்கிறது. அன்றைக்கு என்னைப்போல ஓர் ஆள் வேண்டும். அந்தப் பழக்கதோஷத்தில், யாரும் கேளாமலே, அக்காவின் ஆட்டக்காரர் அத்தனை பேரையும் வெளுப்பாக்கி விட்டிருந்தேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு வேறு!

“கறுப்பாக இருந்துகொண்டே சந்தோஷமாக இருக்கிறவர்களைக் காட்டத்தானே அவ்வளவு தூரம் போனேன்? சனிக்கிழமை என் சனம் பார்க்க வருகிறது. இதையா காட்டுவேன்?” என்றார். சத்தம் போடவில்லை. டப்பாவின் மேலிருந்த என் கறுத்த கையைப் பார்த்தார், அவ்வளவுதான். வெட்கத்தில் கூனிப்போனேன். முதலாளியிடம் போய்ப் பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, வெள்ளிக்கிழமை முழுவதும் இருந்து புதிதாக அச்சிட்டேன்.

சனிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. மனைவியையும் கூட்டிப்போயிருந்தேன். திரையில் கன்னங்கரிய முகங்கள் வியர்வையில் மினுங்கின. சனம் கதிரைகளைத் தள்ளிவிட்டுத் தானும் ஆடத் தொடங்கியது. அக்கா கூட்டத்துக்குள்ளிருந்து எங்களையும் வரச்சொல்லிக் கை காட்டினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“எப்பிடி என்ர வேலை?” என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நல்ல வடிவு. எங்கட கலியாணப் படத்தின்ர நெகட்டிவ் இன்னும் கிடக்குதே?”

“ஓம், கிடக்கு. ஏன்?”

“அதையும் நீங்கள்தானே கழுவினனீங்கள். வீட்டுச் சுவரில தொங்கிற அந்த வெள்ளைக்காரியை இறக்கிப்போட்டு, என்னைக் கொண்டுவந்து மாட்டுங்கோ.”