எர்மெலிந்தா புரட்டித் தைத்த கோட்டு

என்னிடம் இன்று பதினொரு கோட்டுகள் இருக்கின்றன. எங்கள் நோச்செராவில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத வேறு எவனிடமாவது இத்தனை இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம். அலமாரியை நானே தேவதாரு மரத்தில் செய்தேன். தக்காளிப் பெட்டி அடித்து அடித்து முன்னேறியவன் நான். பிற்காலத்தில் என் பட்டறையில் நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். என் பெட்டி போகாத ஊர் இத்தாலியில் கிடையாது. கோட்டுகளிலும் குறை சொல்ல முடியாது. இரண்டு கருநீல பிளேசர், சாம்பல் நிறத்தில் மீன்முள் நெசவு, பழுப்புக் கட்டம், கோடைக்கு லினன், மழைக்காலத்துக்குக் கார்டுராய் என்று ஒவ்வொன்றும் இடம் பார்த்து வாங்கியது.

என் பெருமை இதோடு போதும். இந்த அலமாரிக்கு அஸ்திவாரம் போட்டவள் எர்மெலிந்தா. அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சந்தைத் தெருவில் அவள் தம்பியின் ரொட்டிக் கடை இருந்தது. அதன் மாடியில் ஒரே அறை, வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல், அவள். புருஷன் கல்யாணமான ஏழாவது மாதம் ரஷ்யப் போர்முனைக்குப் போனான். திரும்பவில்லை. அவனுடைய கல்யாணக் கோட்டு மட்டும் வீட்டில் தொங்கியது. அதை விற்கலாம் என்று எடுத்தபோது தோளெல்லாம் வெளுத்திருந்தது. தையலைப் பிரித்துப் பார்த்தாள். உள்பக்கத் துணி கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோலவே இருந்தது. துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் புரட்டி, மறுபடி தைத்தாள். வாங்க வந்தவன் புதுசு என்றே நினைத்தான். அன்றிலிருந்து அதுவே அவள் தொழில்.

கோட்டைப் புரட்டினால் ஒரு சங்கடம் உண்டு. இடது வலதாகிவிடும். காஜாக்களை மூடி அந்தப் பக்கம் புதிதாக வெட்டிவிடலாம், அது சின்ன வேலை. கைக்குட்டை வைக்கிற மார்புப் பை மட்டும் வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, "இவன் போட்டிருப்பது பழசு" என்று ஊருக்குச் சொல்லும். எங்கள் ஊரில் ஒரு ஆளைப் பார்த்தால் முதலில் கண் போவது அங்கேதான். அந்தப் பையை அடையாளமே தெரியாமல் மூட எர்மெலிந்தாவுக்குத் தெரியும். அதே கோட்டின் உள்மடிப்பிலிருந்து நூல் நூலாக உருவி, ஒவ்வோர் இழையாகக் கோத்து நெய்வாள். ஒரு பைக்குப் பத்து நாள் ஆகும். பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் செய்வாள்.

அவளிடம் போகிற ஆண்கள் எல்லோரும் ரொட்டி வாங்கத்தான் போவார்கள். கூடையில் கோட்டு, கோட்டின் மேல் துணி. திரும்பி வரும்போது துணியின் மேல் ஒரு ரொட்டி. மாடியில் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. வந்திருந்தால் மறுநாளே அந்தப் படியில் ஒருவனும் ஏறியிருக்க மாட்டான்.

எனக்கு இருபத்தைந்து வயது. ஒத்தாவியாவை விரும்பினேன். அவள் அப்பா டொன் லிபேராத்தோ நகராட்சியில் பிறப்புப் பதிவேடு எழுதுகிறவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்காது. முறைப்படி வீட்டுக்குள் வந்து பெண் கேட்க நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். அன்று அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதோடு முடிந்தது, இரண்டாவது ஞாயிறு கிடையாது. என்னிடமோ கோட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ரெசீனா பழந்துணிச் சந்தைக்குப் போய்க் கருநீலத்தில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி எர்மெலிந்தாவிடம் கொடுத்தேன். பையை மூடித் தருவதாகவும் சொன்னாள். நான் அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, நாப்போலியில் பெரிய தையல்காரரிடம் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன், மூன்று தடவை அளவு பார்த்துவிட்டார், தோளில் மடிப்பு தண்ணீர்போல விழுகிறது என்றெல்லாம் அளந்தேன். இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது படியேறினேன்.

"பை எந்த மட்டுல இருக்குங்க, தொன்னா எர்மெலிந்தா?"

"மூடலை. மூடப்போறதும் இல்லை."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? மூடித் தரேன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். இப்போ இன்னொருத்தர் வந்திருக்கார். அவருக்கும் அதே ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணுமாம். எனக்கு இருக்கிறது ரெண்டே கண்ணு, சாபாத்தோ."

"நான்தானே முதல்ல வந்தேன்!"

"ஆமா, நீதான் முதல்ல வந்தே."

"உங்களுக்கு இருபது பெட்டி அடிச்சுத் தரேன், தொன்னா. நல்ல பலகையில."

"நான் பெட்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? தக்காளியை நிரப்பிட்டு மேல ஏறி உட்காரவா?"

நான் கத்தினேன். அவர் பெரிய மனுஷர், அதனால்தானே என்றேன். அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"இங்க பாரு. பை வலப்பக்கம் இருந்தா உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. அவரைப் பார்த்தாலும் சிரிப்பாங்க. ரெண்டு பேர்ல யாரு தாங்குவாங்கன்னு யோசிச்சேன். நீ தாங்குவே."

"அவர் யாருங்க?"

"ரொட்டி வாங்க வந்தவர்" என்றாள்.

அந்த ஞாயிறு வந்தது. வலது மார்பில் பையோடு டொன் லிபேராத்தோ வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே அவரும், பெண்ணின் தாய்மாமன் வினிச்சியோவும் இருந்தார்கள். வினிச்சியோ மருந்துக்கடைக்காரர். நாக்கிலும் மருந்துதான், கசக்கிற மருந்து. ஒத்தாவியா தட்டில் பாதாம் பிஸ்கட்டும் வெர்முத் மதுவும் கொண்டுவந்தாள். என் மார்பைப் பார்த்தாள், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். காது நுனி வரை சிவந்துவிட்டது.

வினிச்சியோ என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இதுதான் அந்த நாப்போலிக் கோட்டா? அடேயப்பா! அந்தத் தையல்காரர் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே தைச்சாரோ?"

நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.

"இல்லை, பெட்டிக்காரங்க குடும்பத்துல இதயம் வலப்பக்கமா? மச்சான், பதிவேட்டுல எழுதி வெச்சுக்குங்க, பின்னால பிள்ளைகளுக்கும் அப்படியே வந்துடப் போகுது!"

டொன் லிபேராத்தோ சிரிக்கவில்லை. எனக்கு மது ஊற்ற ஜன்னல் பக்கமாகக் குனிந்தார். அவரும் கருநீலக் கோட்டுதான் போட்டிருந்தார், பொத்தானெல்லாம் பளபளவென்று. அவர் குனிந்தபோது புது ரொட்டி வாசனை வந்தது. மேசையில் ரொட்டியே இல்லை. வாசனை அவர் கோட்டிலிருந்து வந்தது.

நான் பெட்டிக்காரன். பலகையில் ஆணி அடித்து மூடின துளையை இருட்டில் தடவியே கண்டுபிடிக்கிறவன். ஜன்னல் வெளிச்சம் அவர் வலது மார்பில் சாய்வாக விழுந்தது. நான்கு விரல் நீளத்துக்கு இழைகள் மற்ற இடத்தைவிட ஒரு மயிரிழை நெருக்கமாக ஓடின. வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. முடிதிருத்தும் கடையில் நான் அளந்தது அவர் காதுக்குப் போயிருக்கிறது. நாப்போலிக் கோட்டுக்காரன் முன்னால் வெளுத்த கோட்டோடு எப்படி உட்காருவது என்று அந்த மனிதர் கூடையைத் தூக்கிக்கொண்டு ரொட்டி வாங்கப் போயிருக்கிறார். என் பையை மூட நேரமில்லாமல் செய்தது என் வாயேதான்.

வினிச்சியோ விடவில்லை. "சொல்லுப்பா, உன் தையல்காரர் யாரு? நானும் ஒண்ணு தைச்சுக்கறேன், முதுகுல பை வெச்சு!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "உங்க மச்சானுக்குத் தைச்சவங்கதான்" என்று சொன்னால் போதும், வினிச்சியோ வாய் அடைத்துப்போகும். என் ஆயுளில் இத்தனை அழகான பதில் எனக்கு வந்ததில்லை. ஆனால் டொன் லிபேராத்தோ நொறுங்கிப்போவார், ஒத்தாவியாவும் கை நழுவிப்போவாள். எர்மெலிந்தாவின் மாடிப்படி மறுநாளே காலியாகிவிடும். நீ தாங்குவே என்று அவள் சொன்னது காதில் கேட்டது.

பதிலை மதுவோடு சேர்த்து விழுங்கினேன்.

"நாப்போலின்னு சொன்னது பொய்ங்க" என்றேன். "ரெசீனாவுல வாங்கின பழைய கோட்டு. புரட்டித் தைச்சது. பையை மூட நேரமில்லை. உள்பக்கம் நல்ல துணிங்க, தொட்டுப் பாருங்க."

"புரட்டினது யாரு?"

"அதை மட்டும் கேட்காதீங்க. சொல்ல மாட்டேன்."

"ஏன், ராணுவ ரகசியமா?"

"அவங்க என்னைப் பத்தி வெளியில சொல்ல மாட்டாங்க. நானும் அவங்களைப் பத்திச் சொல்ல மாட்டேன்."

டொன் லிபேராத்தோவின் கை தானாக எழும்பித் தன் வலது மார்பில் போய் நின்றது. என் கண் அங்கே இருந்ததை அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். முகத்தில் இருந்த நிறமெல்லாம் போய், மெதுவாகத் திரும்பி வந்தது.

"வினிச்சியோ" என்றார், "வாயை மூடிக்கிட்டு பிஸ்கட்டைத் தின்னு."

பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கே வந்துடு. சீக்கிரமா வா, ஆறிப்போன பாஸ்தா எனக்கு ஆகாது" என்றார்.

மறுநாள் ரொட்டி வாங்கப் போனேன்.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டாள் எர்மெலிந்தா.

"சிரிச்சாங்க."

"தாங்கினியா?"

"தாங்கினேங்க."

"கழட்டிக் கொடு, இப்போ மூடித் தரேன்."

"வேண்டாங்க. அது அப்படியே இருக்கட்டும்" என்றேன். முதல் தடவையாக அவள் என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள்.

கையில் பணம் வந்த பிறகு ஒவ்வொரு கோட்டும் அவள் சொன்ன வரிசையில்தான் வாங்கினேன். எந்தத் துணி எத்தனை வருஷம் தாங்கும் என்று ஊரில் தையல்காரரைவிட அவளுக்குத்தான் தெரியும், உள்ளே பிரித்துப் பார்த்தவள் அவள்தானே. "கருநீலம் இருக்கு, அடுத்தது சாம்பல் வாங்கு. அதோட எல்லாக் கால்சட்டையும் சேரும். கட்டம் போட்டது மூணாவதா வாங்கு, அவசரப்படாதே. அது எல்லார் ஞாபகத்திலயும் இருக்கும், அடிக்கடி போட முடியாது" என்பாள். பட்டறை பெரிதான வருஷம் பித்தளைப் பொத்தான் வைத்த பிளேசரோடு போய் நின்றேன்.

"எந்தக் கப்பலுக்குத் தலைவனா போறே?" என்றாள். பொத்தான்களை அவிழ்த்துக் கொம்புப் பொத்தான் வைத்துக் கொடுத்தாள். அவள் செய்தது சரிதான். அந்தக் கோட்டை முப்பது வருஷம் போட்டேன், எனக்கு அழகாகத்தான் இருந்தது.

டொன் லிபேராத்தோவும் நானும் அந்தப் பையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் என் பிள்ளைகளின் பிறப்பை அவரே பதிவேட்டில் எழுதினார், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு. சாகும்போது, "கருநீலக் கோட்டு சாபாத்தோவுக்கு" என்றார். பதினொன்றில் ஒன்று அது. ஏன் எனக்கு என்று ஒத்தாவியா கேட்டாள். அளவு பொருந்தும் என்றேன். அக்குளில் இரண்டு விரல் பிடித்தது.

எர்மெலிந்தா போன குளிர்காலத்தில், எண்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தாள். "நான் இருக்கிறவரைக்கும் வாயைத் திறக்காதே. அப்புறம் உன்னை யார் தடுக்க முடியும்?" என்று சொல்லியிருந்தாள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். ஒத்தாவியாவிடம் முதலில் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா கோவிச்சுக்க மாட்டார், போடுங்க" என்றாள்.

அடக்கத்துக்குக் கோவில் கொள்ளவில்லை. சொந்தம் என்று அவளுக்கு ஏழெட்டுப் பேர்தான். வந்திருந்தவர்களோ அத்தனை பேரும் ஆண்கள். வக்கீல், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், எல்லோரும் கிழடுகள், எல்லோரும் கோட்டில். பாதிரியார் புதியவர், ஆச்சரியப்பட்டுப்போய் வாசலில் ஒவ்வொருவரையும் கேட்டார்: "உங்களுக்கு இந்தம்மாவை எப்படித் தெரியும்?"

"ரொட்டிக் கடையில பழக்கம், ஃபாதர்" என்றார் வக்கீல்.

"ரொட்டி வாங்கப் போவேன்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

என் முறை வந்தது. நான் முதல் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். வலது மார்புப் பையில் வெள்ளைக் கைக்குட்டை வைத்திருந்தேன். பாதிரியார் அதையே பார்த்தார்.

"எனக்கு இதைத் தைச்சுக் கொடுத்தவங்க, ஃபாதர்" என்றேன்.

முன்னால் நின்ற ஸ்டேஷன் மாஸ்டர் என் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினார்.