இரண்டாவது எதற்கு?

"இனிமே எனக்கு எல்லாமே ஒண்ணு போதும். ரெண்டாவதுன்னு எதையும் இந்த ஜென்மத்துல தொட மாட்டேன்!" என்று புள்ளிக்காரர் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சபதம் செய்தார்.

"ரொம்ப நிம்மதிங்க. பொண்டாட்டி விஷயத்துலயும் அதே கொள்கைதானே?" என்றாள் மனைவி.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் தொழில். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழாவிட்டால் பெற்ற பிள்ளை காணாமல் போனதுபோல் துடிப்பார். அதனால் அந்தப் பெயர். இத்தனை வருஷம் ஒழுங்காக ஆசைப்பட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கெடுத்தது ஒரு புத்தகம். நகைக்கடை முதலாளி ஒருவர் எளிய வாழ்வைப் பற்றி எழுதி, தலைப்பு மட்டும் தங்க நிறத்தில் ஜொலிக்க வேண்டும் என்று சொல்லி அச்சுக்குக் கொடுத்திருந்தார். திருத்துகிறவன் படிப்பதை நம்பக் கூடாது என்பது தொழில் தர்மம். புள்ளிக்காரர் நம்பித் தொலைத்தார்.

சட்டைகளெல்லாம் மச்சினனுக்குப் போயின, ஒன்று மிஞ்சியது. டம்ளரும் ஒன்றுதான். விருந்தாளி வந்தால் டம்ளர் அவருக்கு, இவருக்கு உள்ளங்கை. அதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஞானம் தொழிலுக்குள்ளும் நுழைந்தது. வழக்கமாக எதையும் இரண்டு முறை படிப்பார்: முதலில் பொருளுக்காக, பிறகு கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி எழுத்தெழுத்தாக. அந்த இரண்டாவதை ஆடம்பரம் என்று தள்ளிவிட்டார். நகைக்கடைக்காரரின் புத்தக அட்டையையும் மேலோட்டமாகப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தார். மறுநாள் வெளியீடு.

வேர்வையில் நனைந்த அந்த ஒரே சட்டையை மனைவி துவைத்துக் கொடியில் போட்டாள். புள்ளிக்காரர் பனியனோடு சமையலறை வாசலில் நின்று, பற்றறுப்பது எப்படி என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க. எருமை மாதிரி வழியை அடைச்சுக்கிட்டு!"

"என்ன சொன்னே?"

"கோவிச்சுக்காதீங்க. வேணும்னா பசுன்னு மாத்திக்கறேன்."

புள்ளிக்காரரின் முகம் வெளுத்தது. காலையில் பார்த்த அட்டை கண்முன் வந்து நின்றது. 'எளிமையின் பெருமை' இருக்க வேண்டிய இடத்தில், பக்கத்துச் சொல்லின் 'ரு' தாவிவந்து ஒட்டிக்கொண்டு, 'எருமையின் பெருமை' என்று ஜொலித்தது. கீழே நகைக்கடை முதலாளியின் சிரித்த முகம். அதற்கும் கீழே இவர் கையெழுத்து.

"போச்சு! என் வேலை போச்சுடீ!"

அச்சகத்துக்குப் போன் போட்டார். மெஷின் அறையில் யாரும் எடுக்கவில்லை. மெஷின் ஓடுகிறபோது எவன் எடுப்பான்? சொட்டச் சொட்ட ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்கள் இடம் மாறியது தெரியாமல், தெருவில் பாய்ந்தார்.

அச்சகம் சத்தமில்லாமல் கிடந்தது. எல்லாம் அடித்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று வாசலிலேயே நின்றபோது, மெஷின்காரர் வாயைத் துடைத்தபடி வெளியிலிருந்து வந்தார்.

"என்ன சார், வெளியே மழையா?"

"அட்டை... அட்டை அடிச்சாச்சா?"

"இல்லீங்க. ஒரு டீ குடிச்சேன், பத்தலை. இன்னொண்ணையும் போட்டுட்டு ஆரம்பிக்கலாம்னு கடையிலயே உக்காந்துட்டேன். முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

புள்ளிக்காரர் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். இப்போது இரண்டு சட்டைகளும் ஈரம். போன உயிர் திரும்பி வந்து நெஞ்சுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

விஷயத்தைக் கேட்ட மெஷின்காரர் அட்டையை எடுத்துப் பார்த்தார். "நானும் பார்த்தேன் சார். மாட்டுப் பண்ணைப் புத்தகமாக்கும்னு நினைச்சேன். படம் வேற பொருத்தமா இருந்துச்சா, விட்டுட்டேன்."

சிரித்து ஓய்ந்ததும், திருத்திய அட்டையின் நகல் வந்தது. புள்ளிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். எளிமை எளிமையாகவே இருந்தது.

"சரியா இருக்குல்ல? குடுங்க சார்" என்று மெஷின்காரர் கையை நீட்டினார்.

புள்ளிக்காரர் தாளை விடவில்லை. கடைசிச் சொல்லின் மேல் விரலை வைத்து, பின்னோக்கி, எழுத்தெழுத்தாக, இரண்டாவது முறை படிக்க ஆரம்பித்தார்.