பிரிக்பீல்ட்ஸில் காணாமற்போன ஜெர்மன்காரன்

கோலாலம்பூரில் நான் படித்த முதல் பாடம், இந்த ஊரில் யாருடைய தலைமயிரைப் பற்றியும் தமிழில் வாய் திறக்கக்கூடாது என்பதுதான். வந்த இரண்டாம் நாள், மினி பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலை கன்னங்கரேலென்று மின்னியது. காதோரத்தில் மட்டும் நரை எட்டிப் பார்த்தது. நான் வழக்கம்போல, குரலைக்கூடத் தணிக்காமல் என் கணவரிடம், "இஞ்சாருங்கோ, இந்தாள் தலைக்குத் தார் ஊத்தினவரோ?" என்றேன். பெரியவர் ஆறுதலாகத் திரும்பிப் பார்த்தார். "டை தாம்மா. மருமக அடிச்சி விட்டுச்சி. கொஞ்சம் கூடிப்போச்சி லா," என்றார். எனக்குக் காதுவரை சுட்டது. என் கணவரோ ஜன்னலுக்கு வெளியே மலேசியாவின் இயற்கை அழகை ரசிக்கத் தொடங்கிவிட்டார். அங்கே அப்போது ஒரு சிமெந்து லொறிதான் நின்றுகொண்டிருந்தது.

நல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது விளங்காது. ஊரில் ஒருத்தியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். அப்போதும் அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடும். நாங்கள் இருக்கும் ஜெர்மன் சிற்றூரில் அந்தத் தொல்லை கிடையாது. எங்களைச் சேர்த்து மூன்றே மூன்று தமிழ்க் குடும்பங்கள். பஸ்ஸில், கடை வரிசையில், வைத்தியர் வீட்டில், நடுவில் நின்று யாரைப் பற்றியும் எதுவும் சொல்லலாம். சொல்லும்போது முகத்தைக் கொஞ்சம் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டால், அவர்களும் சிரித்துத் தலையாட்டுவார்கள். புலம்பெயர்ந்தவளுக்கு வாய்த்த சுகங்கள் கொஞ்சம்தான்; அதில் இது பெரிய சுகம்.

பிள்ளைகளின் கதை வேறு. மகள் மயூரிக்கு ஒன்பது வயது. ஐஸ்கிரீம் எந்த மொழியில் கிடைக்குமோ அந்த மொழி பேசுவாள். மகன் செந்தூரனுக்கு ஐந்து. அவன்தான் எல்லாவற்றையும் குழப்பி, பாதிச் சொல் தமிழும் பாதிச் சொல் ஜெர்மனுமாகக் கதைத்தான். கிண்டர்கார்டன் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இடத்துக்கு ஒரு மொழி என்று பழக்கும்படி சொன்னார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடம் என்றால் என்னவென்று எப்படி விளக்குவது? நான் ஒரு சட்டம் போட்டேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினால் ஜெர்மனும் கழல வேண்டும், உள்ளே தமிழ். சப்பாத்துப் போட்டால் ஜெர்மன். கிண்டர்கார்டனுக்குள் போடுகிற துணிச் செருப்பும் சப்பாத்துத்தான் என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான். அதன்பிறகு தெருவில் நான் தமிழில் கேட்டால்கூட அவன் ஜெர்மனில்தான் பதில் சொல்வான். நான்கூடச் சட்டத்தை மீறுவேன், அவன் மீறமாட்டான். ஜெர்மனியில் பிறந்தவன் அல்லவா!

இலையுதிர்கால விடுமுறைக்கு மலேசியாவுக்கு வந்த காரணம் எளியது. சண்டை நடக்கும் எங்கள் ஊருக்குப் போகமுடியாது. அந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே போக நினைப்பவன் புத்தி கெட்டவன். என் கணவரின் பெரியம்மா மகன் மனைவியோடு சுபாங் ஜெயாவில் இருந்தார். அறை தருகிறேன், வாருங்கள் என்றார். அவர் பகலில் அலுவலகம் போய்விடுவார். நாங்கள் நால்வரும் பஸ் ஏறி ஊர் சுற்றுவோம். என் கணவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அவருடைய அப்பா அந்தக் காலத்தில் மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து, பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் குடியிருந்தவர். அந்த வீட்டின் பழைய படம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பார்க்கிற ஓட்டுக்கூரைகளுக்கெல்லாம் பொருத்திப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

பத்துமலைக்குப் போனோம். படியேறும்போது குரங்கு ஒன்று செந்தூரனின் பிஸ்கட் பக்கற்றைப் பறித்துக்கொண்டு போனது. அவன் குரங்கை ஜெர்மனில் திட்டினான். மேலே சந்நிதியில் வெறுங்காலோடு கைகூப்பி நின்றதும், "முருகா, அந்தக் குரங்குக்கு அடி போடுங்கோ," என்று கணீரென்று தமிழில் முறையிட்டான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "பாத்தீரே, தமிழ்க் கடவுளைக் கண்டவுடன பிள்ளைக்குத் தமிழ் வருது," என்றார் என் கணவர், கண் கலங்க. எனக்கும் புல்லரித்தது. நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு மடையர்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ். தீபாவளிக்கு முந்தைய வாரம். நடைபாதை முழுக்கக் கடைகள்; வளையல், முறுக்கு, ஜரிகைத் துணி, கேசட் கடையின் இரைச்சல். இத்தனை தமிழ் முகங்களை ஒரே இடத்தில் பார்த்து எத்தனை வருஷம்! காய்ந்த மாடு கம்பிலே விழுந்ததுபோல நான் வளையல் கடைக்குள் விழுந்தேன். மயூரி என் பக்கத்தில். செந்தூரன் தகப்பனோடு நிற்கிறான் என்று நான் நினைத்தேன். அவர் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ரயில்வே குவாட்டர்ஸ் பக்கம் நடந்தவர், பிள்ளை என்னோடு நிற்கிறான் என்று நினைத்திருக்கிறார். திரும்பி வந்தவர் முகமெல்லாம் வெளிச்சம். "வீட்டைக் கண்டுபிடிச்சிட்டன்!" என்றார்.

"தம்பி எங்கை?" என்றேன்.

"உம்மோட எல்லோ விட்டிட்டுப் போனனான்!"

பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கே ஒழுங்காகத் தெரியாது. வளையலைப் போட்டது போட்டபடி தெருவில் ஓடினேன். "செந்தூரன்! செந்தூரன்!" என்று கத்தினேன். ஒரு போரிலிருந்து பிள்ளைகுட்டி வேண்டுமென்று தப்பி ஓடினவள், வளையல் கடையில் பிள்ளையைத் தொலைத்துவிட்டேனே என்று வாய்விட்டு அழுதேன். கேசட் கடைக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு, "அழாதீங்க அக்கா, இப்ப சொல்லிடறேன்," என்று மைக்கை எடுத்தார். பையன் என்ன பேசுவான் என்று கேட்டார். "தமிழ், நல்லாத் தமிழ் கதைப்பான்," என்றேன். அந்த நிலையிலும் அந்த "நல்லா"வை விடவில்லை, பாருங்கள். "நீலச் சட்டை, அஞ்சி வயசு, நல்லா தமிழ் பேசற பையன்," என்று தெரு முழுக்க ஒலித்தது.

அந்த ஒலிபெருக்கிக் குரல் எனக்கு நல்லூர்த் தேர்த் திருவிழாவை நினைவூட்டியது. அவன் வயதில் நானும் அங்கே தொலைந்தேன். ஆனால் நான் எங்கே தொலைந்தேன்? யாரோ ஒரு மாமியின் மடியில் உட்கார்ந்து, அவ வாங்கித் தந்த கச்சான் கடலையைக் கொறித்தபடி, அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், எங்கள் வீட்டு நாய்க்குச் சொறி பிடித்தது வரைக்கும் ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்தபோது எனக்கு எழும்பி வர மனமில்லை. என் பிள்ளையும் அப்படி எங்கேயாவது கதைத்துக்கொண்டிருப்பான், இத்தனை தமிழருக்கு நடுவில் அவன் எப்படித் தொலைவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முறுக்குக் கடைக்காரர் ஒருவர் என்னை மறித்தார். "அக்கா, அந்தத் தையல் கடைக்குக் கீழ ஒரு பையன் நின்னுச்சி. ஆனா அது உங்க பையன் இல்ல லா. தமிழ்ல கேட்டா முழிக்குது, மலாய்ல கேட்டாலும் முழிக்குது. வெள்ளக்காரன் மாதிரி என்னாவோ பேசி அழுவுது. யாரோ டூரிஸ்ட்டு புள்ள."

"இல்லை அண்ணே, என்ர பிள்ளைக்குத் தமிழ் தெரியும்," என்று சொல்லிவிட்டு நான் எதிர்ப்பக்கமாக ஓடினேன்.

மயூரி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "அம்மா! தம்பி சப்பாத்தோட எல்லோ நிக்கிறான்!"

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பெற்றவளுக்கு இல்லாத புத்தி! முறுக்குக் கடைக்காரர் காட்டிய பக்கம் மூன்று பேரும் தலைதெறிக்க ஓடினோம். தையல் கடை மேல்மாடியில் இருந்தது. மரப்படி ஏறும்போதே குரல் கேட்டது. தமிழ். மூச்சு விடாத, மடை திறந்த தமிழ்.

"அப்பா ரெஸ்டோரண்டில பெரிய சட்டி கழுவுறவர். அம்மா நல்லாத் தோசை சுடுவா, ஆனா கோவம் வந்தா சுடமாட்டா. சுபாங் ஜெயா பெரியம்மாவின்ர குழம்பில உப்பே இல்லையாம்..."

கதவுக்கு வெளியே அவனுடைய சப்பாத்து இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே மைலோவைக் குடித்துக்கொண்டு, வெறுங்காலை ஆட்டியபடி, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் எங்கள் ராசா உட்கார்ந்திருந்தார். நான் அவன் முதுகில் ஓர் அடி போட்டேன். பிறகு அள்ளி எடுத்து, கடை அதிர அழுதேன்.

"உங்க பையனாக்கா? அடியாத்தி!" என்றார் தையல்கார அம்மா. "கீழ நிக்கறப்ப ஒரு வார்த்தை தமிழ் வரல. சரி, பாவம்னு மேல கூட்டியாந்து, சிலிப்பரக் கழட்டிட்டு வாடான்னு கையைக் காட்டினேன். கழட்டினான் பாருங்க, அப்ப ஆரம்பிச்சவன்தான். எனக்கு ஒரு பிளவுஸ் வெட்ட முடியல லா!"

"கீழ ஏனடா கதைக்கேல்லை?" என்று அவனை உலுக்கினேன்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "அது வெளியில எல்லோ அம்மா," என்றான்.

வெளி என்பது நம்முடையதல்ல, வெளியில் நிற்கிறவர்கள் நம்மவர்கள் அல்ல என்று அவன் முழுமனதோடு படித்திருந்தான். சொல்லிக் கொடுத்தவள் நான். ஜெர்மனியில் அது சரியான பாடம்தான். அதை இங்கேயும் சுமந்துகொண்டு வந்து, தன் முகச்சாயல் கொண்ட நூறு பேருக்கு நடுவில் நின்று, என் பிள்ளை ஜெர்மனில் அழுதிருக்கிறான். தையல்கார அம்மா எனக்கும் ஒரு மைலோ கலக்கித் தந்தார். குழம்பில் உப்பில்லாத விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லமாட்டாராம்.

படியிறங்கும்போது சட்டத்தை அந்த இடத்திலேயே திருத்தினேன். "இந்த ஊரில சப்பாத்தோடயும் தமிழ் கதைக்கலாம்."

"எல்லாரோடயுமோ?"

"எல்லாரோடயும்."

விட்ட அம்பு திரும்பி வருமா? மிச்ச விடுமுறை முழுக்க அவன் கண்ணில் பட்ட எவரும் தப்பவில்லை. பழம் விற்ற சீனக் கிழவரிடம் "வணக்கம் மாமா" என்றான். அவர் "பழம் வேணுமா தம்பி, ரொம்ப இனிப்பு," என்று தமிழிலேயே சொல்லி எங்களை வாய்பிளக்க வைத்தார். பறவைப் பூங்கா வாசலில் நின்ற மலாய்க் காவலாளி நெஞ்சில் கைவைத்து "வணக்கம், அடிக்," என்றார். அடிக் என்றால் தம்பி. கிளாங்கில் சாப்பாட்டுக் கடையில் எல்லா மேசைக்கும் போய் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தான். அது எங்கள் தமிழ் அல்ல. அந்த ஊர்த் தமிழ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கணவர் ஒருநாள், "இஞ்சயே இருந்திட்டால் என்ன?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் எங்கள் விசாவும் வேலையும் பாத்திரபண்டமும் ஜெர்மனியில் இருந்தன.

ஜெர்மனிக்குத் திரும்பிய மறுநாள் காலை, இருட்டும் தூறலுமாக இருந்தது. கிண்டர்கார்டனுக்குப் போக பஸ் ஏறினோம். செந்தூரன் எனக்கு முன்னால் படியேறி, மீசை வைத்த சாரதியை நிமிர்ந்து பார்த்து, "வணக்கம் மாமா!" என்றான். அவர் புரியாமல், "வாஸ்?" என்றார். எங்கள் நகரசபை அலுவலகத்தில் எனக்கு ஜெர்மன் விளங்காதபோது எப்படிச் சொல்வார்களோ அப்படியே அவன், ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, உரக்கச் சொன்னான்: "வ... ண... க்... க... ம்." சாரதி தோளைக் குலுக்கினார். பின்னால் வரிசை நின்றது. அவன் என் பக்கம் திரும்பி, உண்மையான இரக்கத்தோடு கேட்டான்.

"பாவம் அம்மா. இவருக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

எந்த மொழியில் அவனுக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல், பஸ் பாஸை நீட்டியபடி நின்றேன்.