தலைச்சூடு என்றார்கள்

அறுபதுகளின் தொடக்கம். தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்குப் பத்தொன்பது வயது, தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். கால் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. மாமியார் பார்த்துச் சிரித்தாள்.

"நீர் இறங்குது. ஆம்பளப் பிள்ளைதான்."

அடுத்த வாரம் முகமும் வீங்கிற்று. அதற்குப் பூரிப்பு என்று பேர் வைத்தாள். மண்டை பிளக்கிற வலி வந்து, கண்ணுக்கு முன்னால் பொறி பறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன்.

"வெறும் தலைச்சூடு. நாலு நாளு அருவியில நின்னா இறங்கிரும்."

என் கணவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அம்மா சொல்லுதால்லா, போயேன்" என்றார்.

குற்றாலத்தில் பேரருவிக்குக் கீழே மாமியார் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். தண்ணீர் தலையில் சம்மட்டியாக இறங்கியது. பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். அவள் கையை உதறினேன்.

"ஏட்டி, எங்க போற?"

திரும்பிப் பார்க்கவில்லை. ஈரச் சேலையோடு தென்காசி பஸ்ஸில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நம்பாதவர்போல் மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல."

"பிள்ளை உண்டானா உடம்புல சுரக்கிறதெல்லாம் மாறும்மா. ரத்தக்குழாய் இளகிக் கொடுக்கணும். உனக்கு இறுகிப்போய், அழுத்தம் ஏறிக் கிடக்கு. வீக்கம், தலைவலி எல்லாம் அதுதான். ஒரு மாசம் முன்னால வந்திருந்தா..."

நர்ஸைக் கூப்பிட்டு உடனே ஊசி போடச் சொன்னார்.

அன்று சாயந்திரமே வலிப்பு வந்ததாம். எனக்கு நினைவு திரும்பியபோது பெண்பிள்ளை பிறந்து, இறந்து, அடக்கமும் ஆகியிருந்தது. முகம்கூடப் பார்க்கவில்லை.

"ஊசி போட்டே கொன்னுட்டாவ" என்று மாமியார் வார்டு முழுக்கக் கேட்க அழுதாள். வலிப்பில் நாக்கைக் கடித்திருந்தேன். பதில் சொல்ல வாய் எழவில்லை. என் கணவருக்கு நாக்கு நன்றாகத்தான் இருந்தது. அவரும் பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி உண்டானேன். மாதம் தவறாமல் தனியாகப் போய் அழுத்தம் பார்த்துக்கொண்டேன். உப்பைக் குறைத்தேன். ஒருநாள் கணவர் வாசலில் மறித்தார்.

"யார்ட்ட கேட்டுப் போற?"

"போன தடவை உங்ககிட்டதான கேட்டேன்?"

வழியை விட்டார். அந்தப் பிள்ளை பிழைத்தது. மாமியார் அதைத் தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தாள், நான் தடுக்கவில்லை. அவளுக்கு எழுத்து வாசனையே கிடையாது. அவருக்கு உண்டு. அதனால்தான் அவரை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.