பலகை இருந்த இடம்

முனேவேரா எங்கள் ஊர்த் தபால்காரி. இருபத்திரண்டு வருஷமாக அதே தபால் பை, அதே தோள். அவள் தார் ரோட்டை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் புல் இருந்தால், ரோட்டில் நின்றே பெயர் சொல்லிக் கத்துவாள். "வந்து வாங்கிட்டுப் போங்க. எனக்கு இருக்கிறது ரெண்டே காலு." யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன; அந்தப் போரைப் பார்த்தவர்கள் யாருமே எங்கள் டோலாட்ஸ் ஊரில் தெரியாத புல்லில் கால் வைப்பதில்லை. நானும்தான்.

போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பயம் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் ஓடுவார்கள், உருளுவார்கள். அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று சொல்லத் தெரியவில்லை.

2014 மே மாதம் போஸ்னா ஆறு ஊருக்குள் புகுந்தது. வடிந்தபோது கரை நெடுக பிளாஸ்டிக், மெத்தை, செத்த ஆடு. நகராட்சியில் கேட்டால் ஆள் இல்லை என்றார்கள். அதுவரை எந்தப் பொதுக்காரியத்திலும் தலையிடாத முனேவேரா, பிள்ளைகளைத் திரட்டிக் கரையைச் சுத்தம் செய்யப் போகிறேன் என்று கிளம்பினாள். நான் சிரித்தேன். எங்கள் பிள்ளைகளைக் காப்பிக்கடை நாற்காலியிலிருந்து எழுப்ப நிலநடுக்கம் வந்தாலே சந்தேகம்தான்.

அவள் மேசை மேசையாகப் போனாள்.

"என்னடா ஃபாரிஸ், காலையில ஒன்பது மணிக்குப் பார்த்தப்பவும் இதே காப்பி, இப்பவும் இதே காப்பி. அடைகாக்கிறியா?"

"வேலை இல்லையே அத்தை."

"வேலை இருக்கு. சம்பளம்தான் இல்ல. சனிக்கிழமை கரைக்கு வா."

"சம்பளம் இல்லாத வேலைக்கு எங்கப்பா தினமும் ஃபேக்டரிக்குப் போறாரு. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போதாதா?"

கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். முதல் சனிக்கிழமை வந்தது நாலு பேர்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளம் கொண்டுவந்ததிலேயே விசித்திரமான பொருளை யார் கொண்டுவருகிறார்களோ, அவர்களுக்கு அவள் கையால் செய்த பக்லாவா இனிப்பு ஒரு தட்டு முழுசாக. மூன்றாம் வாரம் முப்பத்தொரு பேர் வந்தார்கள். யாரோ ஒருவருடைய பொய்ப்பல் அந்த வாரம் ஜெயித்தது. பல்லுக்குச் சொந்தக்காரரும் வந்து சேர்ந்தார், அவருக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

குப்பை ஏற்றுவதற்கு என் டிராக்டர். கரையில் எதுவரைக்கும் கண்ணிவெடி கிடையாது என்று வெடி அகற்றும் அலுவலகத்தில் கேட்டு, எழுதி வாங்கி, அதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அவள் பிள்ளைகளை இறக்கினாள். "விழுந்து கிடக்குற பாப்லர் மரம்தான் எல்லை. அதுக்கு அந்தப் பக்கம் தங்கக்கட்டியே கிடந்தாலும் வேணாம்." ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைச் சொல்வாள். அவர்கள் தலையாட்டுவார்கள். அவள் மட்டும் ரோட்டிலேயே நிற்பாள்.

நான்காம் சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். இல்மா என்ற பதினேழு வயசுப் பெண் சிரித்துக்கொண்டே ஏறி வந்தாள். முட்டி வரை சேறு. கக்கத்தில் ஒரு சிவப்புப் பலகை. அதில் வெள்ளையாக மண்டையோடு, கண்ணிவெடி இருக்கிற இடத்தில் நட்டு வைக்கிற பலகை.

"அத்தை, இந்த வாரத் தட்டு எனக்குத்தான்."

முனேவேராவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரல் மாறவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"மரத்துக்கு அந்தப் பக்கம். கொஞ்ச தூரம்தான்."

"படுத்துக் கிடந்துச்சா, நின்னுட்டு இருந்துச்சா?"

இல்மா பலகையைக் கக்கத்திலிருந்து இறக்கினாள்.

"திட்ட மாட்டேன், சொல்லு."

"நின்னுட்டுதான் இருந்துச்சு. மேல இருந்து அடிச்சுட்டு வந்து சொருகிக்கிச்சுன்னு நினைச்சோம். ஃபாரிஸும் நானும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினோம்."

வெள்ளம் இப்படிப் பல பலகைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டிருந்தது உண்மை. ஆனால் ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டிய பலகை வெள்ளத்தில் வந்ததல்ல, அங்கேயே நட்டது.

"அங்க இன்னும் யாரு இருக்கா?"

"ஃபாரிஸும் வேற ரெண்டு பேரும். கம்பத்தோட மிச்சத்தையும் எடுக்குறாங்க."

முனேவேரா ஆற்றைப் பார்த்துத் திரும்பினாள். இத்தனை வருஷம் ரோட்டில் நின்று பெயர் சொல்லிக் கத்திய குரல் அது.

"ஃபாரிஸ். மூணு பேரும் அசையக் கூடாது. இருக்கிற இடத்துலயே நில்லுங்க. உட்காராதீங்க. குனியாதீங்க. மூட்டையக் கீழ வைக்காதீங்க."

எண்பது அடி தூரத்தில், புதர்களுக்கு நடுவில், மூன்று தலைகள் நின்றுபோயின. மற்றவர்களை மெதுவாக, வந்த தடத்திலேயே ரோட்டுக்கு ஏற்றினோம். நான் போன் செய்தேன். வெடி எடுக்கிறவர்கள் அடுத்த மாவட்டத்தில் இருந்தார்கள். மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள்.

போய்க் கூட்டிவரலாமே என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் போகவில்லை. டிராக்டரின் சக்கரத் தடத்தை விட்டு என் கால் வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலை வெயில். ஒரு மணி நேரத்தில் அவர்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ஃபாரிஸ் கத்தினான்: "அத்தை, கால் நடுங்குது. கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன்."

"நாலு மணி நேரம் காப்பிக்கடையில உட்கார்ந்தப்ப நடுங்கலையே. நில்லுடா."

"முடியல அத்தை."

"உங்கப்பா பட்டாளத்துல இருந்து உங்கம்மாவுக்கு எழுதின லெட்டரை யார் கொண்டுவந்து குடுத்தான்னு நினைச்சே? நான்தான். உங்கம்மா என்னை ரோட்டுலயே நிக்க வச்சு அதைப் படிக்கச் சொல்லுவா. சந்தோஷத்துல அவளுக்குக் கண்ணே தெரியாது. ஒரு லெட்டர்ல உங்கப்பா என்ன எழுதினாருன்னு சொல்லட்டுமா? சொன்னா நீ வெட்கத்துல செத்துருவே. அசையாம நின்னா சொல்றேன்."

அப்படியே இரண்டு மணி நேரம் பேசினாள். மூன்று வீட்டுக் கதையும் சந்தி சிரித்தது. நடுவில் ஒரு நாய் அந்தப் புதருக்குள் ஓடியது. அவள் பேச்சு மட்டும் நிற்கவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள், அதில் நகம் பதிந்த அடையாளம் ஒரு வாரம் இருந்தது.

வந்தவர்கள் அங்குலம் அங்குலமாகக் கம்பியால் குத்திக்கொண்டே போனார்கள். இரண்டு வெடிகள் எடுத்தார்கள். ஒன்று, ஃபாரிஸ் உட்காரப் பார்த்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, புது வண்டலுக்கு அடியில். மூன்று பேரும் முழுசாக வந்தார்கள். ஃபாரிஸின் அம்மா ஓடிவந்து மகனைக் கட்டிக்கொள்ளவில்லை. நேராக வந்து முனேவேராவை ஓங்கி அறைந்தாள். அவள் வாங்கிக்கொண்டாள்.

"பலகையப் பிடுங்கினது யாரு?" என்று வந்தவர்களின் தலைவர் கேட்டார்.

இல்மா வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றாள் முனேவேரா. "பரிசு வச்சது நான். அப்போ பிடுங்கினதும் நான்தான்."

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் அவள் எதற்கும் கூப்பிடவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் தபால் முடிந்ததும் ஆற்றோரத் தார் ரோட்டில் நடந்து, நிற்கிற பலகைகளை எண்ணுவாள். மொத்தம் பதினேழு. சாயம் போனவற்றை அலுவலகத்துக்கு எழுதிப் போடுவாள். ஒரு வாரம் பார்த்தேன், பின்னால் இல்மாவும் நடந்தாள். "போ வீட்டுக்கு" என்று முனேவேரா சொன்னது எனக்கே கேட்டது. இல்மா போகவில்லை.

போன ஏப்ரலில் எண்ணிக்கை பதினாறு வந்தது. இல்மா மறுபடி எண்ணினாள். பதினாறுதான். இடுகாட்டு வளைவில் ஒரு குழி மட்டும் இருந்தது. கோழிக்கூண்டுக்குப் பலகை வேண்டுமென்று எவனோ எடுத்துப் போயிருக்கிறான். எங்கள் ஊரில் அதையும் செய்வார்கள்.

அலுவலகத்துக்கு போன் செய்தார்கள். புதுப்பலகை திங்கள்கிழமைதான் வருமாம். அந்த வளைவில்தான் பிள்ளைகள் பந்து விளையாட இறங்குவார்கள்.

முனேவேரா ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். இல்மா தன் சிவப்புச் சட்டையைக் கழற்றி ஒரு குச்சியில் கட்டினாள். பனியனோடு ரோட்டோரத்தில், அந்தக் குழிக்கு நேராக நின்றாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க அத்தை. பலகை வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்."

"ரெண்டு நாளா?"

"ஃபாரிஸுக்கு போன் பண்ணிட்டேன். ராத்திரிக்கு அவன் வருவான். நிக்கிறதுல அவனுக்குத்தான் பழக்கம்."