மூலையில தொடங்கி வாசல்ல முடி

நம்பாதவங்க நம்ப வேண்டாம். எம் பிள்ளை மேல சத்தியமாச் சொல்றேன், இது எனக்கு நடந்தது.

1979, ஏப்ரல். கொடைக்கானல்ல சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, பூட்டிக் கெடக்கிற பங்களாவையெல்லாம் திறந்து சுத்தம் பண்ணுவாங்க. அந்த வருஷம் மதுரைக்காரர் பங்களா ஒண்ணு எனக்குக் கெடைச்சுது. ஏழு மாசக் கைப்பிள்ளை அருள்மணியையும் தூக்கிட்டுத்தான் போனேன். அடுப்படி உத்தரத்துல சேலையில தொட்டில் கட்டித் தூங்க வச்சேன்.

சுத்தம் பண்றதுல எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒட்டடை, எலிப்புழுக்கை, பூசணம் புடிச்ச மெத்தை... வாய் பாட்டுக்கு வையும், கை பாட்டுக்கு வேலை ஓடும். ஆனா சிமெண்டுத் தரையில சிவப்பு பாலிஷ் போட்டுத் தேச்சு, அதுல நம்ம மூஞ்சி தெரியும் பாருங்க... அந்தச் சந்தோஷமே தனி.

வாட்ச்மேன் மனுவேல் அண்ணன் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது சொன்னார்.

"அமலி, கோடி ரூமுக்குப் பாலிஷ் போடுறப்போ மட்டும் மூலையில தொடங்கி வாசல்ல முடி. மாத்திப் பண்ணிராதம்மா."

"எனக்குத் தெரியாதாண்ணே? போயிட்டு வாங்க."

தெரியும்தான். ஆனா வாசப் பக்கம்தான் வெளிச்சம் இருந்துச்சு. அங்கயே ஆரம்பிச்சுட்டேன். தேச்சுக்கிட்டே பின்னால நகந்து நகந்து... நிமிந்து பாத்தா மூலையில இருக்கேன். முன்னால பூரா ஈரப் பாலிஷ். மிதிச்சா தடம் விழும், மறுபடி தேய்க்கணும். சீ, என்ன புத்தின்னு என்னையே வஞ்சுக்கிட்டு, காயட்டும்னு சுவத்துல சாஞ்சு உக்காந்தேன்.

மணி மூணு இருக்கும். மஞ்சு இறங்கி ஜன்னல் வெள்ளையாப் போச்சு. ரூம் இருட்டிருச்சு.

அடுப்படியில பிள்ளை சிணுங்கினான்.

எந்திரிக்கப் போனேன்.

எனக்குப் பக்கத்துல... யாரோ எந்திரிச்சாங்க.

சேலை உரசுற சத்தம். அப்புறம்... சப்... சப்...

என் காலுகிட்ட இருந்து ஈரத் தரையில தடம் விழுகுது. பொம்பளைக் கால் தடம். ஒண்ணு ஒண்ணா வாசலுக்குப் போகுது.

கதவு சாத்திக்கிச்சு.

வெளித்தாழ்ப்பாள்... டக்.

விழுந்தடிச்சு ஓடினேன். கதவு அசையல. ஜன்னல் பூராக் கம்பி. அங்க பிள்ளை வீறிட்டு அழறான்.

"ஏசுவே! எம் பிள்ளைகிட்ட போகாதே!"

இடிச்சேன். கத்தினேன்.

அழுகை நின்னுச்சு.

கிறீச்... கிறீச்...

தொட்டில் ஆடுது.

மனுவேல் அண்ணன் வந்து தாழ்ப்பாளை எடுத்தப்போ என் கையெல்லாம் ரத்தம். அவரைத் தள்ளிட்டு ஓடினேன். பிள்ளை நல்லாத் தூங்கிட்டிருந்தான். கடைவாயில பால் ஒழுகியிருந்துச்சு. தொட்டில் சேலையில சிவப்புப் பாலிஷ்ல அஞ்சு விரல் தடம். என் கை பட்டது இல்லீங்க. நான் தொட்டில் கட்டினது பாலிஷ் டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி.

அண்ணன் ரூமை எட்டிப் பாத்தார். அவர் மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"வாசல்ல தொடங்கினியா?"

தலையாட்டினேன். அப்பத்தான் சொன்னார்.

"கித்தேரியம்மாள்னு ஒருத்தி முன்னாடி இங்க வேலை பாத்தா. சீசன் முடிஞ்சு வீட்டைச் சாத்துற அன்னைக்கு, உன்னை மாதிரியே அந்த மூலையில போய் மாட்டிக்கிட்டா. வீட்டுல கைப்பிள்ளை பசிச்சுக் கெடக்கும்னு வெரசா வரப் பாத்து, பாலிஷ்ல வழுக்கி விழுந்துட்டா. மயங்கிக் கெடந்தவளைப் பாக்காம, வெளித்தாழ்ப்பாள் போட்டு வீட்டையும் பூட்டிட்டாங்க. பிள்ளையை விட்டுட்டு எவன்கூடயோ ஓடிட்டான்னு ஊரே ஏசுச்சு. அடுத்த சீசனுக்குத் திறந்தப்போ... கதவு உள்பக்கம் பூரா நகக் கீறல்."

"அவ பிள்ளை?"

"பாலுக்கு அழுதே போயிருச்சும்மா."

அன்னைக்கு ராத்திரி வீட்டுல அருள்மணிக்குப் பால் குடுக்க எடுத்தேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். வயிறு நெறைஞ்சிருந்துச்சு. மறுநா வெள்ளனே பசிச்சு அழுதான்.

அப்பவும் எங்கிட்ட குடிக்கல. பங்களா இருக்கிற பக்கம் கையை நீட்டி நீட்டித்தான் அழுதான்.